வெப்சைட் செய்ய முதல்: அது என்ன வேலைக்கு?

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு சங்கத்துக்கு, கடைக்கு, பாடசாலைக்கு வெப்சைட் செய்யும் பேச்சு எழும்பினால், முதலில் காசைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்தது, எத்தனை நாளில் முடியும் என்பார்கள். பிறகு என்ன பெயர் வைக்கலாம், என்ன நிறம் போடலாம் என்று பேச்சு நீளும். இவற்றுக்கெல்லாம் சரியான பதில் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும்: அந்தத் தளம் என்ன வேலை செய்யப்போகிறது? அதை மட்டும் யாரும் கேட்பதில்லை. நாமாகக் கேட்டால், "எல்லாரும் வச்சிருக்கினம், எங்களுக்கும் ஒண்டு வேணும்தானே" என்பார்கள்.

அந்த விருப்பத்தை நான் மதிக்கிறேன். போர்க் காலத்தில் மின்சாரமே இல்லாமல் கிடந்த ஊர்கள் இவை. நாங்களும் இருக்கிறோம், எங்களிடமும் சொல்ல இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்ட நினைப்பது பெருமைக்குரியதுதான். ஆனால் விருப்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு தளம் செய்தால், ஆறு மாதத்தில் அதைத் திறந்து பார்க்க ஆளிருக்காது. விருப்பத்துக்கு ஒரு வேலையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலையைத்தான் தளத்தின் நோக்கம் என்கிறோம்.

நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதலாம். யார் வருவார், எந்தத் தேவையோடு வருவார், என்ன செய்து முடித்துவிட்டுப் போவார் ஆகிய மூன்றும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். "எங்கள் சங்கத்தைப் பற்றிய தளம்" என்று எழுதினால் அது தளத்தின் பொருளை மட்டும் சொல்கிறது. வருபவர் யாரென்றோ, அவர் ஏன் வருகிறார் என்றோ அதில் ஒன்றுமில்லை. கிணறு வெட்டும் முன் குடிக்கவா, தோட்டத்துக்கு இறைக்கவா என்று கேட்கிறோமே, அதுபோலத்தான். அந்தப் பதிலைப் பொறுத்தே எங்கே வெட்டுவது, எவ்வளவு அகலம் எடுப்பது, எந்தப் பம்ப் பூட்டுவது எல்லாம் மாறும்.

இணையத்தளங்கள் இயங்கும் வேர்ல்ட் வைட் வெப் பிறந்த கதையிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1989இல் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் என்ற பெரிய இயற்பியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்த டிம் பேர்னர்ஸ்-லீ ஒரு திட்ட வரைவு எழுதினார். அங்கே ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். பலர் இரண்டு வருடமளவில்தான் தங்குவார்கள். அவர்கள் போகும்போது அவர்கள் அறிந்ததும் கூடவே போய்விடும். எந்த வேலையை யார் பார்த்தார், எந்த ஆவணம் எங்கே கிடக்கிறது என்று தேடுவதிலேயே நேரம் கரைந்தது. இப்படித் தகவல் தொலைவதை எப்படி நிறுத்துவது என்பதே அந்த வரைவு எடுத்துக்கொண்ட சிக்கல். 1991இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்ட முதல் இணையத்தளம், வேர்ல்ட் வைட் வெப் என்றால் என்ன, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொன்ன வெறும் எழுத்துப் பக்கங்கள்தான். சேர்னில் வேலை செய்தவர்களை வெப்பின் பக்கம் இழுத்தது அதைவிடச் சாதாரணமான ஒன்று: ஆய்வுகூடத்தின் தொலைபேசி இலக்கப் புத்தகம். பெரிய கணினியில் கிடந்த அந்தப் புத்தகத்தை வெப் வழியாகத் தேடலாம் என்றானதும், ஆட்கள் அதைத் திறந்து வைத்திருக்கப் பழகினார்கள். யார் வருவார், எதைத் தேடி வருவார் என்பது அங்கே அவ்வளவு தெளிவாக இருந்தது.

ஆட்கள் போகும்போது அவர்கள் அறிந்ததும் போய்விடும் என்பதை வன்னியில் இருப்பவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் எளிதான ஒன்றைப் பார்ப்போம்.

ஒரு சங்கம், மூன்று வருகையாளர்

மல்லாவிப் பக்கம் ஒரு பெண்கள் சங்கம் என்று வைத்துக்கொள்வோம். ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள், மோர்மிளகாய் செய்து பொதி கட்டி விற்கிறார்கள். "எங்கட சாமான் வெளியில தெரியவேணும் தம்பி" என்கிறார் தலைவி அக்கா. வெளியில் என்றால் எங்கே, யாருக்கு?

கொழும்பு வெள்ளவத்தையில் கடை வைத்திருப்பவராக இருக்கலாம். அவருக்குப் பொதியின் நிறை, கெடாத காலம், மொத்த விலை, மாதம் எத்தனை பொதி தர முடியும், சரக்கு பஸ்ஸில் வருமா என்பவை தெரிய வேண்டும். தெரிந்ததும் கோல் எடுப்பார். ஒருமுறை தொடர்பு கிடைத்துவிட்டால் பிறகு எல்லாம் வட்ஸ்அப்பில் நடக்கும். தளத்துக்கு அவர் திரும்பி வரவே மாட்டார். அதில் குறையொன்றுமில்லை.

கனடாவிலோ சுவிசிலோ இருக்கும் வன்னிக்காரராகவும் இருக்கலாம். ஊரிலிருக்கும் அம்மாவுக்குத் தீபாவளிக்கு ஒரு பொதி கொடுத்துவிட நினைக்கிறார். அவருக்கு மொத்த விலை தேவையில்லை. வெளிநாட்டு வங்கி அட்டையால் காசு கட்ட முடியுமா, முத்தையன்கட்டு வரைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பீர்களா, கொடுத்ததும் ஒரு படம் எடுத்து அனுப்புவீர்களா என்று கேட்பார். இது தனியொரு வியாபாரம். அட்டைக் கொடுப்பனவுக்கு வங்கியோடு ஏற்பாடு வேண்டும், தினமும் ஓடர் பார்க்க ஒரு ஆள் வேண்டும், கொண்டுபோய்க் கொடுக்க மோட்டார் சைக்கிள் வேண்டும்.

மூன்றாமவர், உதவி வழங்கும் ஒரு நிறுவனத்தின் அலுவலர். சங்கத்தின் பதிவு இலக்கம், அங்கத்தவர் தொகை, கணக்கறிக்கை, முன்பு செய்த திட்டங்கள் ஆகியவற்றைப் பார்க்கத்தான் அவர் வருவார்.

மூவருமே நல்ல வருகையாளர்கள்தான். ஆனால் மூவரையும் ஒரே முகப்புப் பக்கத்தில் வரவேற்க வெளிக்கிட்டால் என்ன நடக்கும் என்று நம் ஊர்த் தளங்கள் பலவற்றில் பார்க்கலாம். மேலே நிறுவனங்களின் சின்னங்கள் வரிசையாக நிற்கும். அதன் கீழே நாடா வெட்டும் படம், பிறகு தலைவரின் செய்தி, செயலாளரின் செய்தி. மிளகாய்த்தூளின் விலையைத் தேடி வந்த கடைக்காரர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு மூடிவிடுவார். அவர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அந்த ஓடர் வேறெங்கோ போகும்.

என்னைக் கேட்டால் முதலாமவரைத்தான் தெரிவுசெய்யச் சொல்வேன். பொருள் கையில் இருக்கிறது, பஸ் ஓடுகிறது, காசு வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். புதிதாக எதையும் கட்டியெழுப்பாமல் தொடங்கலாம். அப்படியென்றால் வாக்கியம் இப்படி அமையும்: "கொழும்பிலும் வவுனியாவிலும் கடை வைத்திருப்பவர், எங்கள் பொருட்களின் நிறை, கெடாத காலம், மொத்த விலை மூன்றையும் போனிலேயே பார்த்து, அந்த இடத்திலிருந்தே எங்களுக்குக் கோல் எடுத்து முதல் ஓடரைத் தர வேண்டும்."

இந்த வாக்கியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பாருங்கள், எத்தனை விடயம் தானாகத் தீர்கிறது என்று. முகப்பில் போட வேண்டிய படம், மேலே ஒட்டியுள்ள சீட்டு வாசிக்கக்கூடிய பொதியின் படம். கோல் எடுக்கும் பொத்தான் பெரிதாக, எந்தப் பக்கத்திலும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். விலைக்குப் பக்கத்தில் அது எந்தத் திகதி விலை என்று போட வேண்டும். செத்தல் மிளகாய் விலை ஏறி இறங்குவது எல்லாருக்கும் தெரியும். திறப்பு விழாப் படங்களைப் பின்பக்கமொன்றில் வைக்கலாம். இரண்டு, மூன்று பக்கங்களே போதும். செலவும் குறையும்.

அந்த வாக்கியத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நிர்வாகக் கூட்டத்தில் ஆளுக்கொரு துண்டுக் கடதாசி கொடுத்து, வருபவர் யார், என்ன செய்துவிட்டுப் போக வேண்டும் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். எழுதி முடியும்வரை ஒருவரும் கதைக்கக் கூடாது. தலைவர் வாய் திறந்துவிட்டால் மற்றவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். துண்டுகளை வாசித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் நிற்கும். அப்போது வரும் வாக்குவாதத்துக்குத் தேத்தண்ணிச் செலவு மட்டும்தான். தளம் கட்டி முடிந்தபிறகு அதே வாக்குவாதம் வந்தால் காசும் போகும், மனமும் முறியும்.

இன்னொரு வழியும் உண்டு. சங்கத்தின் போனுக்கு வரும் கேள்விகளைக் கொஞ்ச நாளைக்குக் கொப்பியில் எழுதுங்கள். ரியூசன் நிலையமென்றால் எந்த வகுப்பு, எத்தனை மணிக்கு, மாதக் கட்டணம் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளே தளத்தின் பக்கங்கள். ஒருவரும் கேட்காத ஒன்று முகப்பில் இருக்கிறதென்றால், அது யாருக்காக இருக்கிறது என்று யோசிக்க வேண்டும்.

சில வேளை தளமே வேண்டாம்

நோக்கத்தை ஒழுங்காக எழுதினால், தளம் தேவையில்லை என்று தெரியவரும் இடங்களும் உண்டு. இரணைமடுக் குளத்தின் கீழ்ச் செய்யும் கமக்காரரை எடுங்கள். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் செய்யலாம் என்பது குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துக் கூட்டத்தில் முடிவாகும். "தண்ணி எப்ப திறக்கினம்?" என்பது அன்றைக்கே தெரிய வேண்டிய செய்தி. அதற்காக எந்தக் கமக்காரரும் காலையில் எழும்பி வெப்சைட்டைத் திறக்கப்போவதில்லை. வட்ஸ்அப் குழுவும், போனுக்கு வரும் குறுஞ்செய்தியும், கமநல சேவை நிலையத்தின் அறிவித்தல் பலகையும் அந்த வேலையை நன்றாகச் செய்யும்.

ஆனால் ஒவ்வொரு வருடமும் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நின்றது, எத்தனை ஏக்கருக்கு முடிவெடுத்தார்கள், எந்தத் திகதியில் வாய்க்கால் திறந்தார்கள் என்று வரிசையாகப் பதிந்து வைக்க நினைத்தால் அது நல்ல தளம். கூட்டத்துக்குப் போகும் கமக்காரர் பழைய வருடங்களோடு ஒப்பிட்டுப் பேச முடியும். அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீட மாணவருக்கும் அது பயன்படும். ஒரே குளம்தான். இன்றைக்குச் சொல்ல வேண்டியதைக் குழுவில் சொல்லலாம். வருடங்கள் கழித்துத் தேடப்படுவதற்குத் தளம் வேண்டும். முகநூல் பதிவுகள் நாளடைவில் கீழே போய்ப் புதைந்துவிடுகின்றன. பழைய பதிவொன்றை அங்கே தேடி எடுக்கப் பட்ட பாடு பலருக்கும் தெரியும்.

ஏ-9 வீதியோரம், மாங்குளத்துக்குக் கிட்ட அறை வாடகைக்கு விடுபவருக்கும் அப்படித்தான். வருபவர் வாகனத்தில் இருந்தபடி கூகிள் வரைபடத்தில் தேடுகிறார். அங்கே இடத்தை இலவசமாகப் பதிந்து, இலக்கத்தையும் அறைகளின் படங்களையும் சரியாகப் போட்டாலே தேவை முடிந்துவிடும். பிறகு வேண்டுமானால் தளம் செய்யலாம்.

தொலைந்தவற்றைச் சேர்க்கும் தளம்

வன்னியில் செய்யக்கூடிய தளங்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது ஊரின், பாடசாலையின் பழைய படங்களைச் சேர்ப்பது. திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்து, கடைசியில் 2009இல் கையில் கிடைத்ததோடு நடந்த சனம் இது. கலியாண அல்பம், வகுப்புப் படம், பாடசாலைப் பதிவேடு, காணி உறுதி எத்தனையோ வழியில் போயின. சில வீடுகளில் ஒரேயொரு படம் மிஞ்சியிருக்கிறது. சில வீடுகளில் அதுவும் இல்லை. வெளிநாட்டிலிருக்கும் மாமாவுக்கு எப்போதோ அனுப்பிய பிரதி மட்டும் அங்கே இருக்கிறது.

பழைய மாணவர் சங்கம் ஒன்று "பாடசாலையின் வரலாற்றுத் தளம்" செய்ய வந்தால், முன்பு கேட்ட கேள்வியை இங்கும் கேட்க வேண்டும். வருபவர் படம் வைத்திருப்பவரா, படம் தேடுபவரா? இரண்டு பேரும் முக்கியம். ஆனால் ஒருவர் கொடுத்தால்தான் மற்றவர் தேட முடியும். ஆகவே முதல் வருடத்தின் வாக்கியம், "பழைய மாணவர் ஒருவர், எங்கே வாழ்ந்தாலும், தன்னிடமுள்ள பாடசாலைப் படத்தை விபரத்தோடு எங்களுக்கு அனுப்பிவைக்க வேண்டும்" என்று இருக்கலாம். அதன்படி பார்த்தால் முகப்பில் நீண்ட வரலாற்றுக் கட்டுரை தேவையில்லை. உங்களிடம் படம் இருக்கிறதா என்ற கேள்வியும், அனுப்பும் வழியும் இருந்தால் போதும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதன் தரம் குறைந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே வரும் என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு படத்தோடும் வருடம், இடம், கொடுத்தவர், படத்தில் நிற்பவர்கள் என்ற விபரம் சேர வேண்டும். விபரம் இல்லாத படம் இன்னும் இருபது வருடத்தில் யாருக்கும் யாரென்று தெரியாத முகங்களாகிவிடும்.

இந்த மாதிரித் தளத்துக்கு நோக்கத்தில் இன்னொரு பகுதியும் எழுத வேண்டும்: யாருக்குக் காட்டக் கூடாது? படத்தில் நிற்பவர் இன்று உயிரோடு இல்லாமல் இருக்கலாம். காணாமல் ஆக்கப்பட்டவராக இருக்கலாம். ஒரு தாய் தன் பிள்ளையின் முகத்தை எதிர்பாராமல் அந்தப் பக்கத்தில் காணக்கூடும். அதைக் காணக் காத்திருந்த தாயும் இருப்பார், தாங்க முடியாத தாயும் இருப்பார். பெயரும் முகமும் பொதுவெளியில் வருவதை விரும்பாத குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களிடம் நேரில் போய்க் கேட்க வேண்டும். சம்மதம் கிடைக்காத படத்தைக் கடவுச்சொல் போட்ட பகுதியில் வைக்கலாம், அல்லது வைக்காமலே விடலாம். தனிப்பட்ட தரவைப் பாதுகாக்க இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் வந்திருக்காவிட்டாலும் இது கேட்டுச் செய்ய வேண்டிய காரியம்தான்.

தளத்தின் ஆயுளையும் நோக்கமே சொல்லும். வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்கு வருபவர்களுக்காக பஸ், தண்ணீர்ப் பந்தல், மருத்துவ உதவி விபரங்களோடு ஒரு பக்கம் செய்தால், பொங்கல் முடிந்ததும் அதை மூடிவிடலாம். அடுத்த வருடம் திறக்கலாம். படங்களைச் சேர்க்கும் தளம் அப்படியல்ல. இன்னொரு தடவை தொலைய விடக் கூடாது. மூலக் கோப்புகளின் பிரதி குறைந்தது இரண்டு வேறு இடங்களில், வேறு வேறு ஆட்களிடம் இருக்க வேண்டும். வருடாவருடம் டொமைனுக்கும் (தளத்தின் முகவரிப் பெயர்) ஹோஸ்டிங்குக்கும் (தளத்தை வைத்திருக்கும் கணினி இடம்) கட்டும் காசை யார் தருவார் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவெடுக்க வேண்டும்.

மொழி, எழுத்து, பெயர்

வருபவர் யாரென்று தெரிந்தால் மொழியும் தெரிந்துவிடும். வெள்ளவத்தைக் கடைக்காரருக்குத் தமிழ் போதும். தம்புள்ளைச் சந்தை வியாபாரியோடு கொடுக்கல் வாங்கல் வேண்டுமென்றால் சிங்களப் பக்கம் வேண்டும். படம் தேடி வரும் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் தேடுவார்கள். மூன்று மொழியிலும் போடலாம், ஆனால் ஒவ்வொரு மொழியிலும் விலையையும் திகதியையும் மாற்ற ஆளிருக்கிறாரா என்று பாருங்கள். பழைய விலையோடு நிற்கும் பக்கத்தைவிடப் பக்கம் இல்லாமல் இருப்பது நல்லது.

எழுத்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். அது கண்ணுக்குத்தான் தமிழ். அடியில் கிடப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அதை அப்படியே தளத்தில் ஒட்டினால், கூகிளில் ஊரின் பெயரைத் தமிழில் தேடுபவருக்கு உங்கள் பக்கம் அகப்படாது. எல்லாக் கணினியும் போனும் தமிழாகவே அறியும் யூனிகோட் எழுத்துக்கு மாற்றித்தான் போட வேண்டும். மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அறிவித்தலைப் படமாகச் செய்து போடுவதிலும் இதே சிக்கல்தான். போரில் பார்வையை இழந்தவர்கள் நம்மோடு வாழ்கிறார்கள். போன் வாசித்துச் சொல்வதைக் கேட்டு இணையத்தைப் பயன்படுத்துபவர்கள் அவர்களில் உண்டு. படத்துக்குள் கிடக்கும் எழுத்தும் பாமினி எழுத்தும் அவர்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது.

பெயரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. போனில் ஒருமுறை சொன்னால் மற்றவர் பிழையில்லாமல் எழுதக்கூடிய பெயராக இருக்கட்டும். எல்.கே. என்று முடியும் முகவரிகளோடு, 2010 முதல் '.இலங்கை' என்று தமிழிலேயே முடியும் முகவரிகளும் நமக்கு உண்டு. எதை எடுத்தாலும் சங்கத்தின் மின்னஞ்சலில், சங்கத்தின் பெயரில் பதியுங்கள். உதவி செய்த தம்பி வெளிநாடு போய், அவரோடு கடவுச்சொல்லும் போன கதைகள் நிறைய இருக்கின்றன.

தளம் வேலை செய்கிறதா என்று அறிய எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு அவ்வளவு உதவாது. வாக்கியத்தின் கடைசியில் நீங்கள் எழுதிய செயலை எண்ணுங்கள். கோல் எடுக்கும் ஒவ்வொரு கடைக்காரரிடமும், "எங்கட நம்பர் எங்க எடுத்தனீங்கள்?" என்று கேட்டுக் கொப்பியில் ஒரு கோடு போட்டால் போதும். படத் தளமென்றால் அந்த மாதம் வந்துசேர்ந்த படங்களை எண்ணுங்கள். கோடுகள் விழவில்லையென்றால் பக்கத்தை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் வாக்கியத்தில் நீங்கள் நினைத்த ஆள் வேறு, உண்மையில் வரும் ஆள் வேறு என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த வாக்கியத்தைக் கூட்டக் குறிப்பேட்டில் திகதியோடு எழுதி வையுங்கள். டொமைன் புதுப்பிக்கும் பற்றுச்சீட்டு வரும் மாதத்தில் அதைக் கூட்டத்தில் வாசியுங்கள். மல்லாவிச் சங்கத்துக்குப் போதிய கடைகள் நிரந்தர வாடிக்கையாளராகிவிட்டன என்றால், எழுதிய வேலை முடிந்துவிட்டது. அம்மாவுக்குத் தீபாவளிப் பொதி அனுப்ப நினைக்கும் கனடாக்காரருக்கு என்ன ஏற்பாடு செய்யலாம் என்று அப்போது பேசத் தொடங்கலாம்.